சக்கர மூடியைக் கழற்றத் தெரியுமா?

கார் வைத்திருப்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பலர் சிரிப்பார்கள். "இது என்ன பெரிய வித்தை? ஒரு திருப்புளியை இடுக்கிலே விட்டு நெம்பினால் தானாக வந்துவிட்டுப் போகிறது!" என்பார்கள்.

வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எப்படி வரும்? சில சமயம் விளிம்பு பிளந்து வரும். சில சமயம் பின்பக்கத்துக் கொக்கிகளில் இரண்டைச் சக்கரத்திலேயே விட்டுவிட்டு வரும். இன்னும் சில சமயம், இழுத்த வேகத்தில் கையைக் கிழித்துக் கொண்டு வரும். கழற்றியவர் அதை ஒருவாறு அமுக்கி மாட்டிவிட்டுப் புறப்படுவார். பத்து மைல் போனதும் மூடி மட்டும் தனியே பிரயாணம் செய்யத் தொடங்கிவிடும். நெடுஞ்சாலை ஓரங்களில் புல்லுக்குள்ளே கிடக்கும் வட்டத் தட்டுகளில் பல இப்படிப் பிரிந்து போனவைதாம்.

அப்படி உருண்டோடும் மூடி பின்னால் வரும் ஸ்கூட்டர்க்காரரின் காலில் பட்டால் என்ன ஆகும்? ஆகவே, இது வெறும் அலங்காரப் பொருளின் கதை அல்ல. கொஞ்சம் பொறுமையும் கொஞ்சம் விவரமும் இருந்தால், சேதமில்லாமல் கழற்றவும் கெட்டியாகத் திரும்ப மாட்டவும் யாராலும் முடியும்.

மூடி எப்படி வந்தது?

'வீல் கப்' என்றும் 'வீல் கவர்' என்றும் மெக்கானிக்குகள் அழைக்கும் இந்த மூடி, ஆரம்பத்தில் அழகுக்காகப் பிறந்ததல்ல. மோட்டார் கார்களின் தொடக்க காலத்தில், சக்கரத்தின் குடத்தில் அடைத்த கிரீஸ் வெளியே வழியாமலும், சாலைப் புழுதி உள்ளே புகாமலும் காக்கச் சிறிய உலோக மூடி ஒன்றை வைத்தார்கள். நட்ட நடுவில் இருந்ததால், கார்க் கம்பெனியின் பெயரைப் பொறிக்கவும் அது நல்ல இடமாயிற்று.

பிறகுதான் அது வளர ஆரம்பித்தது. 1936-ல் அமெரிக்காவில் வந்த கார்டு 810 என்னும் காரில், சக்கரத்தின் முகம் முழுவதையும் மறைக்கும் மூடி இருந்தது. வட்டமாகத் துளைகள் போட்ட அந்த மூடி பார்த்தவர் கண்ணைக் கவர்ந்தது. அதற்குப் பின் மூடி இல்லாத சக்கரம், தலைப்பாகை இல்லாத மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது!

இந்தியச் சாலைகளில் 1957 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடரையும், சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும், பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்ற ஃபியட்டையும் நினைவு வைத்திருப்பவர்களுக்கு, அவற்றின் பளபளக்கும் உலோக மூடிகளும் நினைவிருக்கும். இன்று இரும்புச் சக்கரத்தோடு வரும் கார்களில் அந்த இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. விலை குறைவு, எடை குறைவு, துருப்பிடிப்பதில்லை. ஆனால் நசுங்கினால் தட்டி நிமிர்த்த முடியாது, உடைந்தால் உடைந்ததுதான்.

முதலில் கண், பிறகுதான் கை

சக்கர மூடி உடைவதற்கு முக்கிய காரணம் பலக் குறைவும் அல்ல, பல மிகுதியும் அல்ல. அது எதனால் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் கை வைப்பதுதான். மூடிகள் பெரும்பாலும் நான்கு ஜாதி.

முதலாவது, அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் மூடி. இதன் முதுகில் சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் உண்டு. அந்தக் கொக்கிகளை ஒரு வில் கம்பி வளையம் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தால்தான் மூடி சக்கரத்தின் உள்விளிம்பைப் பற்றிக்கொள்கிறது.

இரண்டாவது, நட்டுகளே பிடித்திருக்கும் மூடி. சக்கர நட்டுகள் மூடியின் மேலாகத் தெரியும். அவை மூடியையும் சேர்த்து இறுக்கியிருக்கும். இதை நெம்பினால் உடையுமே தவிரக் கழலாது. சில கார்களில் நட்டு போலவே தோன்றும் பிளாஸ்டிக் திருகுகள் மூடியைப் பிடித்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும். வேறு சிலவற்றில் நட்டுகளின் தலையில் வெறும் பிளாஸ்டிக் குல்லாய் மட்டும் இருக்கும்.

மூன்றாவது, பழைய உலோக மூடி. சக்கரத்தில் உள்ள சில குமிழ்களின் மேல் இதன் விளிம்பு ஏறி உட்கார்ந்திருக்கும்.

நான்காவது, அலாய் சக்கரத்தின் நடுவில் இருக்கும் சிறு வட்ட மூடி. கம்பெனிச் சின்னம் இதில்தான் இருக்கும்.

உங்கள் கார் எந்த ஜாதி என்று ஐயமாக இருந்தால், காரோடு வந்த கையேட்டைப் புரட்டுங்கள். டயர் மாற்றும் பக்கத்தில் இது படத்தோடு இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற கார்களின் கருவிப் பையில் ஒரு வளைந்த கம்பி கிடக்கும். பலர் அதை எதற்கென்று தெரியாமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மூடியின் விளிம்பில் மாட்டி இழுப்பதற்காகவே கொடுத்த கம்பி அது!

ஜாக்கிக்கு முன்னால் மூடி

இனிச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மூடியைக் கழற்றும்போது சக்கரம் தரையில் இருக்க வேண்டும். ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கிய பிறகு மூடியோடு மல்லுக்கட்டவே கூடாது.

விழுப்புரம் தாண்டி, இரவு நேரத்தில், டயர் காற்றிறங்கி விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் முழுவதும் காரில். பதற்றத்தில் முதலில் ஜாக்கியைப் போட்டுத் தூக்கிவிடுகிறார் அப்பா. பிறகுதான் மூடி நினைவுக்கு வருகிறது. பிடித்து இழுக்கிறார், வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு ஓங்கி இழுக்கிறார். ஜாக்கியோ ஒரு சாண் அகலத்துக்கும் குறைந்த அடிப்பாகத்தில் நிற்கிறது. அந்தக் குலுக்கலில் அது சாய்ந்தால், ஒரு டன் எடை சாய்கிறது! மூடி உடைந்தால் பணம் போகும்; ஜாக்கி சரிந்தால் உயிரே போகும்.

ஆகவே வரிசை இதுதான். கார் சமதரையில், போக்குவரத்துக்கு ஒதுங்கி நிற்கட்டும். அபாய விளக்கைப் போடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். எல்லோரையும் இறக்கிச் சாலையை விட்டு ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். கை பிரேக்கை இழுத்து, கியரில் நிறுத்தி, பழுதான சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பிறகு மூடியைக் கழற்றுங்கள். நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதற்கப்புறம்தான் ஜாக்கி.

பிளாஸ்டிக் மூடிக்கு உபாயம்

மூடியின் விளிம்பில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காய்ந்த மண் சிமெண்டு மாதிரி கொக்கிகளைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் நிதானமாகச் செய்வதானால், கொஞ்சம் சோப்புத் தண்ணீரை விளிம்பைச் சுற்றி விட்டால் இன்னும் இலகு. எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். அது பிரேக்கில் பட்டால் காரியம் கெடும். நட்டுப் புரியில் பட்டால், அளவுக்கு மீறி இறுகிவிடும்.

அடுத்து, மூடியின் துளைகள் வழியே உள்ளே பாருங்கள். மூடி களவு போகாமலும் கழன்று விழாமலும் இருக்க, கேபிள் டை என்னும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையால் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்தக் கட்டை அறுக்காமல் இழுத்தால் மூடிதான் கிழியும். பட்டையை வெட்டி எடுத்துவிட்டே தொடங்க வேண்டும்.

இப்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தடித்த துணி போதும். காற்றடிக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதைவிட்டுத் தள்ளி ஓர் இடத்தில் தொடங்குங்கள். இரண்டு கை விரல்களையும் விளிம்பின் அடியில் கொடுத்து, நேராக உங்களை நோக்கி இழுக்க வேண்டும். பக்கவாட்டில் முறுக்கக் கூடாது. மூடியின் நடுவில் உள்ள மெல்லிய கைகளைப் பிடித்து இழுப்பது பெரிய தவறு. அவை அழகுக்காக உள்ளவை. பலம் எல்லாம் வெளிவிளிம்பில்தான்.

கை மட்டும் போதவில்லையா? நெம்புகோல் எடுக்கலாம். ஆனால் கூரான திருப்புளி வேண்டாம். கார்க் கதவு அட்டைகளைக் கழற்ற விற்கும் பிளாஸ்டிக் நெம்புகோல் மலிவானது; அது சிறந்தது. இல்லையென்றால் மர அகப்பைக் காம்பு கூட உதவும்! திருப்புளிதான் கதி என்றால், தட்டை முனை உள்ளதாக எடுத்து, முனையில் இரண்டு சுற்றுத் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

நெம்புவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே இடத்தில் முழுவதும் நெம்பித் தூக்கினால், அந்த இடத்துக் கொக்கியின் மேல் மொத்தப் பாரமும் விழுந்து அது முறியும். கொக்கி இருக்கும் இடத்துக்கு அருகில் சிறிது தூக்குங்கள். அது விட்டதும் அடுத்த கொக்கிக்குப் போங்கள். அங்கும் சிறிது. இப்படி வட்டத்தில் பாதி தூரம் வந்தால், மீதி கையோடு தானே வந்துவிடும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கழற்றிய மூடியைக் கவிழ்த்துப் போடாமல் மல்லாக்க வையுங்கள். சக்கர நட்டுகளைப் போட்டு வைக்க அதைவிட நல்ல தாம்பாளம் கிடையாது. இருட்டில் ஒரு நட்டு மணலில் விழுந்துவிட்டால் தேடுகிறவர் பாடு அவருக்குத்தான் தெரியும்.

வெயிலும் குளிரும் சூடும்

பிளாஸ்டிக்குக்கு வயது உண்டு. வருஷக்கணக்காக வெயிலில் நின்ற காரின் மூடி, பார்க்க நன்றாயிருந்தாலும், அப்பளம் போல் ஆகியிருக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களின் அதிகாலைக் குளிரில் அது இன்னும் விறைத்துக்கொள்ளும். அங்கெல்லாம் சற்று வெதுவெதுப்பான தண்ணீரை விளிம்பில் ஊற்றிவிட்டுக் கழற்றினால் கொக்கிகள் வளைந்து கொடுக்கும்.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் உண்டு. மலையிலிருந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கி வந்த காரின் சக்கரம் கொதித்துக்கொண்டிருக்கும். அப்போது மூடியைத் தொட்டால் கை வேகும். சூட்டில் இளகியிருக்கும் மூடியை இழுத்தால் வளைந்து போவதும் உண்டு. சக்கரம் ஆறட்டும். தண்ணீரை ஊற்றி ஆற்ற வேண்டாம். பழுக்கச் சூடான பிரேக் தட்டு திடீரென்று குளிர்ந்தால் கோணலாகிவிடக்கூடும்.

பழைய மூடியும் நடு மூடியும்

பழைய கார்களைப் பேணி வைத்திருப்பவர்களுக்கு உலோக மூடி, பெண்ணுக்குப் போட்ட நகை மாதிரி. கீறல் விழுந்தால் மனசு தாங்காது. அந்தக் காலத்துக் கார்களின் நட்டுக் கழற்றும் கருவியிலேயே ஒரு முனை தட்டையாக இருக்கும். அது இந்த மூடியை நெம்புவதற்காகத்தான். இன்று அதைப் பயன்படுத்தும்போது, சக்கரத்துக்கும் கருவிக்கும் நடுவே தோல் துண்டோ ரப்பர் துண்டோ வையுங்கள். முகத்தைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள். விடுபடும்போது உலோக மூடி துள்ளி வரும்.

திரும்ப மாட்டுவதும் எளிது. பழைய மாரிஸ் வகைக் கார்களில் மூன்று குமிழ்கள் உண்டு. மூடியின் விளிம்பை இரண்டு குமிழ்களில் மாட்டிக்கொண்டு, மூன்றாவது குமிழுக்கு நேராக முஷ்டியால் ஒரு குத்து விட்டால் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

அலாய் சக்கரத்தின் நடு மூடி விஷயம் வேறு. அதை வெளியிலிருந்து நெம்பினால் சக்கரத்தின் பளபளப்பில் வடு விழும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது, பின்பக்கமிருந்து விரலால் அழுத்தினால் பெரும்பாலும் அது தானே முன்னால் வந்துவிடும். டயர் மாற்றக் கொடுக்கும்போது இதைக் கடைக்காரரிடம் சொன்னாலே போதும்.

தெரியாமல் செய்யும் நஷ்டங்கள்

மூடி உடைவதோடு போனால் பரவாயில்லை. நெம்புகிறவர் கவனிக்காத மூன்று நஷ்டங்கள் உண்டு.

ஒன்று, வால்வு. டியூப் இல்லாத டயர்களில் ரப்பர் வால்வு சக்கரத்திலேயே செருகியிருக்கும். நெம்புகோலோ மூடியின் விளிம்போ அதை நசுக்கினால், டயர் நன்றாயிருந்தும் காற்று மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு, சக்கர விளிம்பில் ஒட்டியிருக்கும் சிறு உலோகத் துண்டுகள். அவை அழுக்கல்ல, சக்கரம் ஆடாமல் சுழல்வதற்காக அளந்து வைத்த எடைகள். திருப்புளி பட்டு ஒரு துண்டு தெறித்துவிட்டால், வேகமாகப் போகும்போது ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கும்.

மூன்று, வண்ணப் பூச்சு. நெம்பிய இடத்தில் விழும் கீறலில் துரு ஏறும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்க் கார்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திரும்ப மாட்டும்போது

நட்டுகளை வட்டமாக வரிசைக்கு முடுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இறங்கிய பிறகு கடைசி முடுக்கு. பெரும்பாலான சிறிய கார்களுக்கு 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கம் தேவை. சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

பிறகு மூடி. கம்பி வளையம் ஓரிடத்தில் வளைந்திருக்கும். விளிம்பிலும் அங்கே ஒரு வெட்டு இருக்கும். வால்வுக்காக விட்ட வழி அது. முதலில் வால்வை அந்த வெட்டில் நேராகப் பொருத்துங்கள். அந்தப் பக்கத்தை அழுத்திவிட்டு, உள்ளங்கையால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். கடைசியில் பிடிவாதம் செய்தால் மறுபடி எடுத்துக் கம்பி வளையம் எல்லாக் கொக்கியிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காலால் உதைத்து ஏற்றாதீர்கள்! எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக அமர்ந்த பின், பிடித்து அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அது ஓடும் மூடி.

இரண்டு மூன்று கொக்கி முறிந்த மூடியை மாட்டவே வேண்டாம். டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்டெப்னி சிறிய அளவாக இருந்தாலும் அதற்கு மூடி மாட்டக் கூடாது. மூடியில்லாமல் கார் ஓடும். அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒரே ஒரு மூடி போய்விட்டால், பழைய உதிரி பாகங்களுக்குப் பேர் போன சென்னைப் புதுப்பேட்டையில் ஜோடி தேடிப் பார்க்கலாம். வாங்கும்போது அங்குலக் கணக்கை மறக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தை அடுத்து வரும் எண்தான் அது. 13 அங்குல மூடி 14 அங்குலச் சக்கரத்தில் நிற்காது.

மூடிக்குள்ளே மறைந்திருப்பது

மூடியைக் கழற்றத் தெரிந்திருப்பதன் உண்மையான பயன் டயர் மாற்றுவதில் மட்டும் இல்லை. மூடி நட்டுகளை மறைக்கிறது. நட்டு தளர்ந்தால், மூடியில்லாத சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியும். மூடியுள்ள சக்கரத்தில் தெரியாது.

மெதுவாகப் போகும்போது சக்கரத்திலிருந்து 'டக், டக்' என்று ஓசை வருகிறதா? "மூடி ஆடுகிறது, வேறொன்றுமில்லை" என்று ரேடியோவின் ஒலியைக் கூட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மூடிதான் ஆடுகிறதோ என்னவோ! கழன்று விழுந்த ஒரு நட்டே உள்ளே உருண்டுகொண்டிருக்கலாம். உடனே நிறுத்தி, மூடியை எடுத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். நட்டைச் சுற்றிக் கீற்றுக் கீற்றாகத் துரு வழிந்திருந்தால், அது தளர்ந்திருக்கலாம் என்பதற்கு அடையாளம். டயர் மாற்றினால் 50 முதல் 100 கிலோ மீட்டருக்குள் ஒரு தடவை மூடியைக் கழற்றி, நட்டுகளைச் சரிபார்த்துவிட வேண்டும். பஞ்சர் கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். சரிபார்க்க வேண்டியவர் ஓட்டுகிறவர்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது, வீட்டு வாசலில், நல்ல வெளிச்சத்தில், ஒரு சக்கரத்தின் மூடியை மட்டும் கழற்றிப் பாருங்கள். மகனோ மகளோ கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களாக இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இரண்டாவது சக்கரத்தை அவர்கள் கழற்றட்டும். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. நடுவழியில், நள்ளிரவில் டயர் காற்றிறங்கும் அன்றைக்கு, அந்தக் கால் மணி நேரத்தின் மதிப்புத் தெரியும்.